குருவிகளுக்கு வைத்த குரக்கன்

மண்டூர்,
தை மாதம், 1991

அன்பு மருமகளுக்கு,

முற்றத்துக் குருவிகளுக்கென்று உன் புருஷன் சேர்த்துவைத்த குரக்கனில் ஒரு மணிகூடப் புழுப்பிடிக்கவில்லை. வெயிலில் காயவைத்து, சூடு ஆறியபின் காய்ந்த வேப்பிலையோடு டின்களில் இறுக்கி மூடினேன். பூஞ்சண வாடை அடித்தால் என் குருவிச் சேனை கலைந்துவிடுமே!

ஆவணியில் இராணுவம் ஊரையே வெயிலில் நிறுத்தியபோது, முகத்தில் சாக்கு மாட்டிய ஒருவன் தலையாட்டிக் காட்டியதால்தானே உன் புருஷனைப் பிடித்துப்போனார்கள்? முகம் மறைந்தாலும், மண்வெட்டி பட்டு நகம் போன அவனுடைய கால் பெருவிரலை நான் அறிவேன். அவன் பக்கத்து வயல்காரன் சாமித்தம்பிதான்.

அன்று தொடங்கி ஐந்து மாதம் குருவிகளுக்கு விருந்து வைத்தேன். என் வயலை விதைக்கவேயில்லை. இப்போது இலங்கைக் குருவிகள் அத்தனையும் என் குடிகள். ஒன்றாய் எழும்பினால் வாவியே இருட்டிப்போகும். சாமித்தம்பியின் நெல் பால்பிடித்த அன்று விருந்தை நிறுத்தினேன். மூன்றே நாளில் அவன் வயலில் பதர்தான் மிச்சம்.

ஓடிவந்தான். "அண்ணன், வயலெல்லாம் போச்சு! இதெல்லாம் ஆர்ர குருவி?"

"எது திண்டதெண்டு தலையாட்டிக் காட்டு தம்பி, பிடிச்சுத் தாறன்" என்றேன்.

அவன் குனிந்து தன் காலைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்க்கவேயில்லை.

ஒரு டின்னை மட்டும் நான் தொடவில்லை. அதை உன் புருஷன் வந்து தன் கையால் திறக்கட்டும். மற்றவற்றை அடுத்த போகத்துக்கு நிரப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
வாவிக்கரைக் குருவிகளின் சக்கரவர்த்தியாகிய
உன் மாமா