செப்டெம்பரில் நீ மறந்த சொற்கள்

உன் ஹொக்கிப் பை இப்போது என் வீட்டு நடையில் கிடக்கிறது. உன் முப்பத்தோராம் நாள் கிரியைகள் முடிந்த மறுநாள், உன் மனைவி மனோர் பார்க்கிலிருந்து வால்தம்ஸ்டோவுக்குக் காரில் கொண்டுவந்து இறக்கினாள். "வீட்டுக்குள்ள வைக்கேலாது அண்ணை, மணக்குது. எறியவும் மனம் வருகுதில்லை. நீங்களே வைச்சிருங்கோ" என்றாள். அவள் போனபின் திறந்தேன். கையுறைகளின் நாற்றம் முகத்தில் அடித்தது. பன்னிரண்டு வருடமாகியும் போகாத பழைய வியர்வை. உன் அம்மா இந்தப் பையை வாசற்படி தாண்ட விட்டதேயில்லை. தோட்டத்துக் கொட்டிலில் புல்வெட்டும் மெஷினுக்குப் பக்கத்தில்தான் அதற்கு இடம். நான் நடையிலேயே குந்தியிருந்து அழுதேன். உன் செத்தவீட்டில்கூட அப்படி அழவில்லை.

நீ இல்லாமல் போனதற்காக மட்டும் அழவில்லை, மச்சான். உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்த ஒன்று இருக்கிறது. முப்பத்துநாலு வயதில், வேலைக்குப் போகும் ரயிலில் உன் இருதயம் நின்றுவிடும் என்று யார் நினைத்தது? சொல்ல நிறையக் காலம் கிடக்கிறது என்று நான் பாட்டுக்கு இருந்துவிட்டேன்.

நாம் சேர்ந்தபோதே அது வெல்கிற அணி. பல்கலைக்கழகத்தின் மற்ற அணிகள் மழையில் நனைந்து தோற்றுக்கொண்டிருக்க, ஆண்கள் ஐஸ் ஹொக்கி அணி மட்டும் வருடம் தவறாமல் கோப்பையோடு வந்தது. நடக்க முன்னமே சறுக்கப் பழகிய கனடாக்காரருக்கும் செக் நாட்டுக்காரருக்கும் நடுவில் நாம் இரண்டு தமிழ்ப் பெடியள். நீ முன்வரிசையில் பறப்பவன். நான் கோல் காக்கும் இரண்டாவது கோலி. முதலாவது கோலிக்கு ஏதும் ஆனால்தான் எனக்கு வேலை. மற்ற நேரமெல்லாம் ஓரத்து வாங்குப் பலகையில் இருப்பு. "நீ வாங்கைக் காக்கிற கோலியடா. உன்னைத் தாண்டி ஒருத்தரும் வாங்கில வந்து இருக்கேலாது" என்று நக்கலடிப்பாய். எனக்குக் கோபம் வரும், சிரிப்பும் வரும்.

அந்த அணியில் யாரும் நோகுது என்று சொல்வதில்லை. சொல்லக்கூடாது என்று எவரும் கட்டளையிட்டதுமில்லை. உடுப்பு மாற்றும் அறையின் சுவரில் வென்ற வருடங்களின் படங்கள் வரிசையாகத் தொங்கின. அவற்றைப் பார்த்துக்கொண்டே எல்லோரும் விரல் உடைந்தாலும் கட்டிக்கொண்டு இறங்கினார்கள்.

ஒவ்வொரு செப்டெம்பரிலும் எங்களுக்கு ஒரு ஞாபகப் பரீட்சை வைப்பார்கள். திரையில் சொற்கள் வந்து மறையும். எவை வந்தன என்று பிறகு சொல்லவேண்டும். பின்னால் தலையில் அடிபட்டால் அதே பரீட்சை மறுபடியும். செப்டெம்பரை விடப் புள்ளி குறைந்தால் ஆட விடமாட்டார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் அணியில் எல்லோரும் செப்டெம்பரில் வேண்டுமென்றே பிழையாகச் செய்தோம். அதில் நீ மன்னன். "இப்பவே மடையனா எழுதிப்போட்டால், அடிபட்ட பிறகும் அதே மடையன்தானே. ஆருக்கு வித்தியாசம் தெரியப்போகுது?" என்றாய். கணிதம் படித்த நீ, சொற்களில் பாதிக்கு மேல் மறந்தாய். பிசியோதெரபிஸ்ட் பெண் கவலையோடு என்னைத் தனியே கூப்பிட்டு, உன் வீட்டில் ஏதும் பிரச்சினையா என்று கேட்டாள். ஒரு கிழமை முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

கடைசி வருட அரையிறுதி ஆட்டத்தில் ஒருவன் உன்னை ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையோடு சேர்த்து இடித்தான். விழுந்து கிடந்தாய். நீ எழுந்ததும் இரு அணியும் மரியாதைக்காகத் தடிகளைப் பனியில் தட்டின. நீ கையை உயர்த்திக் காட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் இருந்தாய். இரண்டு நாள் கழித்துப் பரீட்சை வைத்தார்கள். செப்டெம்பரில் எடுத்த அதே புள்ளி. ஆடலாம் என்று விட்டுவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை முருகன் கோயிலுக்குப் போனோம். கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, கழற்றிய சப்பாத்துகள் வைக்கும் தட்டுக்கு முன்னால் நின்றாய். நின்றுகொண்டே இருந்தாய். பின்னால் வந்தவர்கள் உன்னை விலத்திக்கொண்டு போனார்கள். பிறகு மெல்லிய குரலில் என்னைக் கேட்டாய்: "மச்சான், நான் என்ன சப்பாத்து போட்டுக்கொண்டு வந்தனான்?"

நான் எடுத்துத் தந்தேன். உன் முகம் வெளிறியிருந்தது. "ஒருத்தருக்கும் சொல்லாதை. ஞாயிற்றுக்கிழமை அப்பா வாறார்" என்றாய். ஹவுன்ஸ்லோவில் விமான நிலைய வேலை பார்த்த உன் அப்பா, "ஐசில சறுக்கவோ உன்னைப் படிப்பிக்கிறன்" என்று திட்டியே நாலு வருடம் கழித்தவர், முதல் தடவையாக ஷிப்டை மாற்றிக்கொண்டு உன் இறுதி ஆட்டத்தைப் பார்க்க வரவிருந்தார். எனக்கு எல்லாம் தெரியும். ஓம், சொல்லமாட்டேன் என்று உனக்குத் தலையாட்டினேன்.

அன்று பின்னேரமே அணித் தலைவன் ஈவனுக்குப் போன் எடுத்தேன். நீ செப்டெம்பரில் செய்ததையும் கோயிலில் நின்றதையும் சொன்னேன். என் பெயரை மட்டும் சொல்லிவிடாதே என்றேன். அந்த ஸ்கொட்லாந்துக்காரன் சரி என்றான். மறுநாள் உன்னை டொக்டரிடம் அனுப்பினார்கள். அவர் உன்னை ஆடவிடாமல் மறித்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை நீ, ஆடாதவர்களுக்குரிய வழக்கப்படி, கோட்டும் டையுமாக வாங்குக்குப் பின்னால் நின்றாய். உன் அப்பா மேலேயிருந்து இறங்கி வந்து ஆடுகளத்துக் கண்ணாடித் தடுப்போரம் என்னைப் பிடித்து, "தம்பி, உவன் ஏன் கலியாண வீட்டுக்கு வெளிக்கிட்ட மாதிரி நிக்கிறான்?" என்று கேட்டார். காய்ச்சல் அங்கிள் என்றேன். நாம் வென்றோம். ஈவன் கோப்பையை முதலில் உன்னிடம்தான் கொண்டுவந்தான். நீ இரண்டு கையையும் காற்சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாய். சுவரில் இருக்கும் அந்த வருடத்துப் படத்தில் நீ மட்டும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் பின் நீ அவனோடு பேசவேயில்லை. உன் கலியாண அழைப்பிதழ்களுக்கு விலாசம் எழுதியது நான். பட்டியலில் உன் மனைவி தெரியாமல் ஈவன் பெயரையும் சேர்த்திருந்தாள். "அவனை வெட்டு. அவன் என்ரை அப்பாவுக்கு முன்னாலை என்னை நிப்பாட்டினவன்" என்றாய். பேனை என் கையில் இருந்தது. வெட்டினேன். இத்தனை வருடத்தில் நான் செய்த கேவலமான வேலை அதுதான். டொக்டர் உன்னை மறித்ததில் எனக்கு ஒரு நாளும் வருத்தமில்லை. அந்தப் பழியை இன்னொருவன் தலையில் ஏற்றிவிட்டு, உன் வீட்டுக் கலியாணத்தில் முன்வரிசையில் இருந்து சாப்பிட்டதுதான் இன்னும் நெஞ்சை அறுக்கிறது.

உன் செத்தவீட்டுக்கு ஈவன் வந்தான். எங்கே நிற்பது என்று தெரியாமல் கடைசிச் சுவரோடு நின்றான். வெளியே வந்ததும் அவன் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டேன். அவன் சொன்னதை உனக்குத் தமிழில் சொல்கிறேன். "ஆட்டம் முடிந்ததும் அவன் என்னிடம் நேராகக் கேட்டான், சொன்னது நீயா என்று. இல்லை, நானே கவனித்தேன் என்றேன். 'நல்லது. அவனாக இருந்தால் என்னோடு வீட்டுக்கு வர ஆளில்லை' என்று உன்னைத்தான் சொன்னான். அதற்குப் பிறகு நான் எப்படி மாற்றிச் சொல்ல?" உன் மேல் அவனுக்குக் கோபம் வரவில்லையா என்று கேட்டேன். "வந்தது. நிறைய நாள் இருந்தது" என்றான்.

அந்த இறுதி ஆட்டம் முடிந்த அன்று நாம் இருவரும் ஒன்றாகத்தான் வீட்டுக்குப் போனோம். உன் அப்பா அங்கிருந்தே ஷிப்டுக்குப் போய்விட்டார். பஸ்ஸின் மேல் தட்டில் யன்னலோரம் நீ, பக்கத்தில் நான். டையைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டே கேட்டாய்: "நீயெண்டால் சொல்லியிருப்பியாடா?" நான் யோசிக்கக்கூட இல்லை. "சீ, விசரா உனக்கு?" என்றேன். நீ சிரித்தாய். பிறகு என் தோளில் தலையைச் சாய்த்து, மனோர் பார்க் வரும்வரை நித்திரை கொண்டாய்.

அந்தத் தலையின் பாரம் இன்னும் என் வலது தோளில் இருக்கிறது. நீ கேட்டதற்கு இன்றைக்குப் பதில் சொல்கிறேன். ஓம் மச்சான், நான்தான் சொன்னனான். திரும்பவும் அப்பிடி ஒரு நாள் வந்தால் திரும்பவும் சொல்லுவன். ஆனால் முதலிலை உன்ரை முகத்தைப் பாத்து, உன்னட்டைச் சொல்லிப்போட்டுத்தான் போன் எடுப்பன். நீ அந்த பஸ்ஸில் எழும்பி வேறு சீற்றுக்குப் போயிருந்தாலும் பரவாயில்லை.