எல்லாக் குடும்பங்களும் குடிபெயர்ந்துவிட்டன

மார்ச் 4
அலுவலக நோட்டில் சொந்தக் கதை எழுதுவது தப்புதான், மன்னிக்க வேண்டும். வாயில் வராதது கையிலாவது வருகிறதா பார்க்கிறேன்.
நகர அறிமுகப் புத்தகத்துக்கான கட்டுரையை என்னிடம் தந்திருக்கிறார்கள். நிலக்கரி, அனல் மின்நிலையங்கள், இங்கிருந்து ஷாங்காய்க்குப் போகும் மின்சாரம். பிரிவுத் தலைவி ஃபெங் சொன்னார்: "பட்டம் வாங்கின பொண்ணு, நல்லா எழுதுவே. புகையைப் பத்தி மட்டும் எழுதிடாதே."

மார்ச் 9
ஊருக்குப் போனேன். அடியில் கரி எடுத்த நிலம் இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் தண்ணீர். அப்பா வீட்டில் மட்டும்தான் அடுப்பு எரிகிறது.
"கிளம்பலாம்ப்பா."
"அந்தக் கரியை வெட்டினவனே நான்தான். மேல இருக்கிற நிலம் தாங்க எவ்வளவு கரியை மிச்சம் வெச்சோம்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு வருஷம் தாங்கும்."
அப்பாவுக்கு நுரையீரல் முழுக்கக் கரித்தூசி. மூக்கில் குழாய், பக்கத்தில் மூச்சு இயந்திரம். அதைத் தட்டிக்காட்டிச் சிரித்தார். "நான் வெட்டின கரி, கரண்டாகி வந்து எனக்கே மூச்சு விடுது பாரு."

மார்ச் 17
ஃபெங் சிவப்பு மையால் திருத்தினார். 'நிலம் தாழ்ந்த கிராமங்கள்' என்பது 'ஏரிகள்' ஆனது. கடைசியில் ஒரு வரி சேர்க்கச் சொன்னார்: எல்லாக் குடும்பங்களும் பாதுகாப்பாகக் குடிபெயர்ந்துவிட்டன.
"யாராவது மிச்சம் இருக்காங்களா என்ன?"
வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அங்கே நாலு பேர் வேறு இருந்தார்கள்.
"இல்ல மேடம்" என்றேன்.
ஏன்? ஏன் அப்படிச் சொன்னேன்?

ஏப்ரல் 5
கல்லறை துடைக்கும் நாள். அம்மாவின் கல்லறை மேட்டில் புல் பிடுங்கினோம். தண்ணீர் பத்தடி தள்ளி நிற்கிறது. அதனால்தான் அப்பா நகர மறுக்கிறார். அந்த வரியைப் பற்றி இன்றும் அவரிடம் சொல்லவில்லை.

ஏப்ரல் 11
கட்டுரை அச்சாகி எல்லா அலுவலகங்களுக்கும் போயிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அப்பா வீட்டு மின்கம்பியை அறுக்க ஆள் வந்துவிட்டான். அப்பா போனில் கதையாகச் சொன்னார்:
"தாளைக் காட்டுறாம்மா. 'பெரியவரே, நீங்க போயாச்சுன்னு போட்டிருக்கு'ங்கிறான். 'அப்ப உங்கிட்ட பேசுறது என் ஆவியா?'ன்னேன். அவனுக்கும் சிரிப்பு வந்துடுச்சு. சிரிச்சுக்கிட்டே அறுத்துட்டான்."
நடுவில் நாலு தடவை மூச்சு வாங்கினார். இயந்திரம் ஓடவில்லை.

ஏப்ரல் 12
ஃபெங்கிடம் சொல்லிவிட்டேன். அப்பா அங்கேதான் இருக்கிறார், கம்பியைச் சேர்க்கச் சொல்லுங்கள் என்று. எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.
"அச்சாயிடுச்சே பொண்ணே. இனி யாரு சேர்ப்பாங்க?" சிவப்புப் பேனாவை மூடி வைத்தார். "அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"
திட்டியிருந்தால் தேவலை.

ஏப்ரல் 13
அப்பா நகரத்துக்கு, என் வீட்டுக்கே வந்துவிட்டார். வண்டியில் இயந்திரத்தை மடியிலேயே வைத்துக்கொண்டு.

மே 20
பதினோராவது மாடி. அப்பா ஜன்னல் பக்கம் போவதில்லை. அம்மாவின் மேடு தண்ணீருக்குள் போய்விட்டது. நான்தான் சொன்னேன். "ம்" என்றார்.
மாலையில் எதிர்வீட்டுக்காரர் வந்தார். அப்பா அந்த அறிமுகப் புத்தகத்தை எடுத்து, சின்ன எழுத்தில் இருந்த என் பெயரைக் காட்டினார். "எம் பொண்ணு எழுதினது." ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். அந்த வரி இருக்கும் கடைசிப் பக்கம் வருவதற்குள் மெதுவாக மூடிவிட்டார்.
தெரிந்திருக்கிறது. முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது.
அப்பா, ஒரே ஒரு தடவை என்னைத் திட்டுங்களேன்.