கையை வீசிக்கொண்டு வந்தவர்

மார்ச் 2

பயிற்சியின் முதல் நாள். சுகாதார நிலையத்தின் பின்கூடத்தில் மருத்துவச்சிகள் பதினோரு பேர். மின்விசிறி சத்தம் மட்டும் தாராளமாகக் கொடுத்தது. துணிப்பொம்மையையும், பழைய காலுறையில் பஞ்சு திணித்து நான் தைத்த மார்பையும் மேசையில் வைத்ததும் ஒரே சிரிப்பு.

“இதுல பால் வருமா நர்ஸம்மா?”

“உங்க கைராசிக்கு வந்தாலும் வரும்” என்றேன்.

இவர்களை எனக்குப் பிடித்திருக்கிறது. சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவதை எல்லோரும் எப்போதோ விட்டுவிட்டார்கள். நான் புதிதாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: பிறந்த குழந்தையைத் துடைத்து நேராக அம்மாவின் நெஞ்சில் போடுங்கள், முதல் பால் குடித்து முடிக்கும்வரை யாரும் தூக்காதீர்கள். எல்லோரும் தலையாட்டினார்கள். வெண்கலக்கா கூடுதலாகவே ஆட்டினார். அவர் தொண்டையைக் கேட்டு ஊர் வைத்த பெயர் அது. அடுத்த மாதம் என் தங்கைக்குப் பிரசவம் பார்க்கப் போகிறவரும் அவர்தான்.

மார்ச் 5

தங்கை வீட்டுக்குப் போனேன். காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததையெல்லாம் மூத்தவன் கலைத்துக்கொண்டிருந்தான்.

அவன் பிறந்தபோதும் வெண்கலக்காதான். பிறந்த கையோடு வாசலுக்குத் தூக்கிப்போய்க் காட்டினார். சித்தப்பா, பெரியப்பா, எதிர்வீடு என்று கைமாறி, அழுத பிள்ளைக்கு யாரோ புட்டிப்பால் கொடுத்து, தூங்கின பிறகுதான் அம்மாவிடம் வந்தான். அப்புறம் எவ்வளவு முயன்றும் மார்பைப் பிடிக்கவே இல்லை. பால் கட்டிக் காய்ச்சலில் கிடந்ததுதான் இவளுக்கு மிச்சம்.

“இந்தத் தடவையாவது நான் குடுக்கணும்க்கா” என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 9

நேற்று வெண்கலக்கா பார்த்த பிரசவத்திலும் அதே கதை. பால் கொடுப்பதற்குள் குழந்தை வாசலுக்குப் போய்விட்டது. வகுப்பில் கேட்டேன். அத்தனை பேர் முன்னாலேயே கேட்டேன். “எத்தனை தடவ சொன்னாலும் உங்க மண்டையில ஏறாதாக்கா?” வாயிலிருந்து வந்துவிட்டது. அவர் பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

எனக்கு ஏன் இந்த வாய்? தங்கச்சிய மனசுல வச்சுக்கிட்டு அந்தம்மா மேல எரிஞ்சு விழுந்தா எல்லாம் சரியாகிடுமா?

மார்ச் 10

வரவில்லை.

மார்ச் 11

இன்றும் வரவில்லை. மற்றவர்கள் என்னிடம் ரொம்ப மரியாதையாகப் பேசுகிறார்கள். அது நல்லதற்கில்லை.

மார்ச் 14

தேடிப் போனேன். ஒரு பிரசவ வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். அங்கே போய், வாசலில் உறவுக்காரர்களோடு நானும் உட்கார்ந்தேன்.

வெந்நீர் கேட்டு ஒருமுறை வெளியே வந்தார். யாரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. “ஏம்மா, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?” என்று செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார் வீட்டுக்காரர். தண்ணீர்ப் பாத்திரத்தை வெண்கலக்காவே தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

பிறகு அழுகுரல். கதவு திறந்தது. துணியில் சுற்றிய குழந்தையோடு வெண்கலக்கா நின்றார். வாசலில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். செல்போன்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “நீங்க நல்லா இருக்கணும்மா” என்றார். வெண்கலக்காவின் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை.

இதுக்காகத்தானா? இது தெரியாமல் நான் காலுறையை வைத்துக்கொண்டு பாடம் நடத்தியிருக்கிறேன். அவருக்குப் பாடம் புரிந்துதான் இருக்கிறது. இந்த ஒரு நிமிடத்தை விட்டுவிட மனசு வரவில்லை.

மார்ச் 15

மன்னிப்புக் கேட்டேன். “கோவம்லாம் இல்ல நர்ஸம்மா, வருத்தம்தான்” என்றார்.

குழந்தை வெளியே போவதற்குப் பதிலாக, பார்க்க வருகிறவர்கள் உள்ளே வரட்டுமே என்றேன். சிரித்தார்.

“உள்ள வந்தா குழந்தையப் பாப்பாங்க, பெத்தவளப் பாப்பாங்க. என்னைய யாரு பாப்பா?”

தங்கையின் மூத்தவன் பிறந்தபோது நடந்ததைச் சொன்னேன். தங்கைக்குப் பாலே ஊறவில்லை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாராம். நான் கிளம்பும்போது நாளைக்கு வகுப்புக்கு வருவதாகச் சொன்னார். அதைத் தவிர எந்த வாக்கும் தரவில்லை.

ஏப்ரல் 3

எந்த வேலையும் ஓடவில்லை. தங்கைக்கு எந்த நேரமும் வலி எடுக்கலாம், தொலைபேசி அடித்தால் ஓடிப்போய் எடுக்கிறேன்.

ஏப்ரல் 6

பெண் குழந்தை.

தங்கையின் முதுகைத் தாங்கிக்கொண்டு நான் உள்ளேயே இருந்தேன். வெண்கலக்கா குழந்தையைத் துடைத்து, அவள் நெஞ்சில் போட்டு, மேலே துணியைப் போர்த்தினார். அதற்குள் தங்கையின் மாமியார் கதவைத் தட்டினார். “எல்லாரும் காத்துக்கிட்டு இருக்காங்க, கொண்டாந்து காட்டுங்களேன்.”

வெண்கலக்காவின் இரண்டு கையும் குழந்தையை நோக்கி நீண்டன. தங்கை குழந்தையை இறுக்கி மூடிக்கொண்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. எப்படித்தான் திறக்காமல் இருந்தேனோ. நீண்ட கை அப்படியே கொஞ்சம் நின்றது. பிறகு குழந்தையின் முதுகில் விலகியிருந்த துணியை இழுத்துவிட்டது.

கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து வெளியே போனார். வெறுங்கையோடு அவரைப் பார்த்ததும் வாசலில் பேச்சு நின்றுவிட்டது.

“பொண்ணு. நல்லா இருக்கா, அம்மாவும் நல்லா இருக்கா. குட்டியம்மா இப்ப சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க, யாரையும் பாக்க மாட்டாங்களாம். முடிஞ்சதும் நானே கூப்பிடுறேன். கையக் கழுவிட்டு ஒவ்வொருத்தரா வாங்க.”

அந்தத் தொண்டை நாலு வீட்டுக்குக் கேட்டிருக்கும். முதலில் மாமியார்தான் சிரித்தார், அப்புறம் எல்லோரும். உள்ளே குழந்தை தலையை அங்கும் இங்கும் ஆட்டித் தேடியது. நழுவவிட்டது. மறுபடி தேடிப் பிடித்துக்கொண்டது. தங்கை ஓசையில்லாமல் அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது.

ஏப்ரல் 10

நன்றாகக் குடிக்கிறாள். மூத்தவன்தான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறான்.

ஏப்ரல் 29

பயிற்சிக்குப் பிறகு நடப்பதைப் பார்க்க ஒரு பிரசவ வீட்டுக்குப் போனேன். தங்கை வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. உறவுக்காரர்களோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே அழுகுரல் கேட்டது. கதவு திறந்தது. வெண்கலக்கா கையை வீசிக்கொண்டு வந்தார்.

அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.

“பையன். சாப்பாடு நடக்குது” என்றார். பக்கத்தில் இருந்த அம்மாள், “முடிஞ்சதும் அவங்களே கூப்பிடுவாங்க” என்று எனக்கு விளக்கம் சொன்னார். குழந்தையின் தாத்தா தன் நாற்காலியைத் தூக்கி வெண்கலக்காவின் பக்கத்தில் போட்டார். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நாங்கள் எல்லோரும் நின்றுகொண்டே காத்திருந்தோம்.