‘கா’ எழுத்து போட்ட நோட்டு உறை

பொம்மிடி
8.7.2024

அன்புள்ள ஜோஸ்வின் அப்பாவுக்கு,

மகளும் நானும் சுகம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். போன் போட்டால் “கடையில இருக்கேன், அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

விதைக்கடை விதைக்கடையாக ஏறி இறங்கியதில் ஆர்டர் நோட்டு மழையில் ஊறிப்போனது என்றீர்களே, அதற்கு ஓர் உறை தைத்து அனுப்பியிருக்கிறேன். வெளியே காக்கி கேன்வாஸ், உள்ளே சட்டைத் துணி. நோட்டின் அட்டைகளை இரண்டு பக்க மடிப்புக்குள்ளும் செருகிவிடுங்கள். முன்பக்க மடிப்பிலேயே பர்ஸ் இருக்கிறது. ரூபாய்க்கு நீளப் பை, கார்டுக்கு அடுக்கு, சில்லறைக்கு ஜிப்.

முதலில் அதே அளவு நோட்டு ஒன்றை வாங்கித் திறந்துவைத்து அளந்து வெட்டிவிட்டேன், மூடும்போது இழுத்தது. பிரித்துப் போட்டுவிட்டு, மூடிய நோட்டைச் சுற்றி அளந்து புதிதாக வெட்டினேன். மூலையில் துணி மடிப்பு மேல் மடிப்பாகச் சேர்ந்து ஊசி உடைந்துகொண்டே இருந்தது. அந்த இடத்தை மட்டும் மிஷின் சக்கரத்தைக் கையால் சுற்றித் தைத்தேன். கண்ணாடித்தாள் வைத்த இடத்தில் ஜோஸ்வின் போட்டோ இருக்கிறது.

செப்டம்பரில் மாதா திருவிழாவுக்காவது வந்துவிடுங்கள்.

உங்கள்
ஷைனி

ஓசூர்
22.7.2024

அன்பு ஷைனி,

உறை கிடைத்தது. போகிற கடையில் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள். எங்கள் மேனேஜருக்கு இதே மாதிரி ஒன்று வேண்டுமாம். கொஞ்சம் சின்னது, அளவுக்கு நோட்டு அனுப்பியிருக்கிறேன். கேன்வாஸ் வேண்டாம், ரோஸ் நிறத்தில் மெத்தென்ற துணியாகப் பார். மூலையில் ‘கா’ என்று பூத்தையல் போடு. போட்டோ வைக்கிற இடம் வேண்டாம்.

திருவிழாவுக்கு லீவு கிடைக்காது. ஜோஸ்வினுக்கு என் முத்தம்.

பிரவீன்

பொம்மிடி
2.8.2024

அன்புள்ள ஜோஸ்வின் அப்பாவுக்கு,

உங்கள் மேனேஜர் பெயர் ராஜாமணி என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? பெரிய மீசைக்காரர் என்றும் சொன்னீர்கள். அவருக்கு ரோஸ் நிறமா? ‘கா’ யாருடைய எழுத்து?

துணி வெட்டி, பர்ஸும் தைத்துவிட்டேன். அந்த எழுத்தைப் போட மட்டும் கை போகவில்லை. பதில் எழுதுங்கள்.

உங்கள்
ஷைனி

ஓசூர்
9.8.2024

ஷைனி,

மேனேஜர் மகளுக்கு. எதற்கெடுத்தாலும் சந்தேகமா? தைத்துக் கூரியரில் போடு. நீ கிளம்பி வராதே, ரூமில் பசங்களோடு இருக்கிறேன்.

பிரவீன்

பொம்மிடி
19.8.2024

பிரவீன் அவர்களுக்கு,

எழுத்தையும் போட்டு, உறையை நேற்று நானே ஓசூருக்குக் கொண்டுவந்தேன். பக்கத்து வீட்டுத் தங்கம்மாள் அக்காவிடம் ஜோஸ்வினை விட்டுவிட்டு, தர்மபுரி போய் பஸ் மாறி, நீங்கள் நோட்டு அனுப்பிய பார்சலில் இருந்த விலாசத்தைக் கேட்டுக் கேட்டு வந்தேன். கதவைத் திறந்தது ஒரு சின்னப்பெண். கழுத்தில் புது மஞ்சள் கயிறு.

“யாருங்க?” என்றாள். கையிலிருந்த உறையை நீட்டினேன்.

“டெய்லருங்க. பொம்மிடில இருந்து வரேன்.”

“வாங்கக்கா! ஊர்ல ஒரு அக்கா நல்லா தைப்பாங்கன்னு அவரு சொல்லியிருக்காருங்க. கறி வாங்கப் போயிருக்காரு. உக்காருங்க.”

காவியாவாம் பெயர். உறையில் ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தாள். “போட்டோ வைக்க இடம் இல்லீங்களா? எங்க கல்யாண போட்டோ வெக்கலாம்னு இருந்தேன்.”

“அது வேணாம்னு அவருதாங்க சொன்னாரு.”

“அப்படியா?” என்று கொஞ்சம் முகம் வாடினாள். அப்புறம், “உங்க வூட்டுக்காரரு என்ன பண்றாருங்க?” என்றாள்.

“வெளியூர்ல இருக்காருங்க.”

டீ போட்டுக் கொடுத்தாள். குடித்தேன். அவளைத் திட்டத்தான் வந்திருந்தேன். கோபமே வரவில்லை. அவளும் என்னைப் போலவே உங்களை நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

நீங்கள் வருவதற்குள் எழுந்து வந்துவிட்டேன். அவளிடம் நான் எதையும் சொல்லவில்லை. உங்களுக்கு மனைவியும் மகளும் இருப்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். திருவிழாவுக்குள் சொல்லவில்லை என்றால், ஜோஸ்வினைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நான் சொல்வேன்.

“அப்பா எப்ப வருவாரு?” என்று மகள் கேட்டாள். இனி வர மாட்டார் என்று சொல்லிவிட்டேன். அழுதாள். இப்போது தூங்குகிறாள். சமாதானம் சொல்ல நீங்கள் வர வேண்டாம். இந்த வாசலுக்குத் துணி தைக்கக் கொடுக்கிறவர்கள் வந்தால் போதும்.

ஷைனி
டெய்லர், பொம்மிடி