தாட்சாயணி கல்யாணத்தில் இரண்டு ஸ்பீக்கர்

சித்தூர்

சிரஞ்சீவி கோவர்த்தனனுக்கு அம்மா எழுதுவது. இங்கே எங்களுக்குக் காது தவிர மற்றதெல்லாம் சுகம். பம்பாயில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வராமல் ஏழுமலையான் பார்த்துக்கொள்ளட்டும்.

தங்கை கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், ஊர் எப்படி இருக்கிறது என்றும் கேட்டிருந்தாய். பத்திரிகை வைக்க நானும் உன் நைனாவும் தெருத்தெருவாக நடந்தோம், பாட்டை வைத்தே எந்தத் தெரு என்று சொல்லிவிடலாம். கோயில் தெருவில் கன்னையாவின் நாயனம், அதே பழைய கீர்த்தனை, அதே இடத்தில் மூச்சு வாங்குகிறான். வக்கீல்கள் தெருவில் பெண்கள் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு புது சினிமாப் பாட்டைச் சங்கீதம் என்று சாதிக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில்தான் கூத்து. நம் ஊர் ஆந்திராவுக்கா தமிழ்நாட்டுக்கா என்று எல்லைச் சண்டை வந்ததிலிருந்து இந்தப் பக்கத்து ஓட்டலில் தெலுங்கு ரிக்கார்டு, எதிர் ஓட்டலில் தமிழ் ரிக்கார்டு. அந்தச் சத்தத்தில் கண்டக்டர் கத்துவது கேட்காமல், வேலூருக்குப் போக வேண்டிய பக்கத்து வீட்டு ரத்னம்மா திருப்பதியில் போய் இறங்கினாள். சாமியே கூப்பிட்டார் என்று மொட்டை போட்டுக்கொண்டு வந்துவிட்டாள்.

அந்தச் சண்டை நம் பந்தலுக்குள்ளும் வந்தது. சம்பந்தி வீராசாமி இப்போது ஆந்திரா கமிட்டியில் பெரிய மனிதர். மேடையில் தெலுங்கு, வீட்டில் திட்டுவதெல்லாம் தமிழ். ஒரு தமிழ்ப் பாட்டு கேட்டாலும் மாப்பிள்ளையை எழுப்பிக் கூட்டிப் போய்விடுவேன் என்று சொல்லி அனுப்பினார். உன் மாமா ஏகாம்பரம் தமிழ்க் கமிட்டி, தெலுங்குப் பாட்டு வைத்தால் தாய்மாமன் சீர் கிடையாது என்றார். உன் நைனா இரண்டு பேருக்கும் தலையாட்டிவிட்டு, சமையலைப் பார்க்கிறேன் என்று நழுவிவிட்டார். கடைசியில் ஆளுக்கொரு ஸ்பீக்கர் கட்டினார்கள், இரண்டும் ஸ்பீக்கர் வாடகைக்கு விடும் சிட்டிபாபு கடையுடையதுதான். முகூர்த்த நேரத்தில் இரண்டும் சேர்ந்து அலறியதில் ஐயர் சொன்ன மந்திரம் ஐயருக்கே கேட்கவில்லை. கன்னையா நாயனத்தை உறையில் போட்டுக்கொண்டு, எனக்கு ரெண்டு பாஷையும் வேணாம்மா, காது வேணும், நான் போறேன் என்று எழுந்துவிட்டான். தாலி ஏறாமலே போய்விடுமோ என்று நான் அவன் உறையைப் பிடித்து நிறுத்தினேன். நம் தாட்சாயணி மணையிலிருந்து மாலையோடு எழுந்தாள், நேராகப் போய் இரண்டு ஒயரையும் பிடுங்கிப் போட்டாள். நீங்க சண்டை போட்டுக்கினே இருங்க, நான் தாலி கட்டிக்கினு வந்து பாக்குறேன் என்றாள். பந்தலே வாயைப் பிளந்தது. வீராசாமி, பாத்தியாடா இவளை, எழுந்து வாடா என்று மகனைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை முனிகிருஷ்ணன் அசையவில்லை. நீ உக்காரு நைனா, கன்னையாவ வாசிக்கச் சொல்லு என்றான். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

கன்னையா வாசித்தான், தாலி ஏறியது. அதோடு விட்டார்களா? அவன் வாசித்தது தெலுங்குக் கீர்த்தனை என்று சம்பந்தி, தமிழ்ப் பாட்டு என்று உன் மாமா, பந்தியில் பாயசம் ஆறும்வரை வாதம். கன்னையாவைக் கேட்டால், பயத்துல என்னா வாசிச்சேன்னே தெரியலம்மா என்கிறான். இப்போது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போய்விட்டது, நாம் ஆந்திரா பக்கம் நின்றுவிட்டோம், ஜெயித்தது நாங்கள்தான் என்று இரண்டு பேரும் வேட்டு விட்டார்கள். தாட்சாயணி சந்தோஷமாக இருக்கிறாள். மாமனார் அவளோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை, அவள் வைக்கிற குழம்பை மட்டும் கேட்டுக் கேட்டுத் துன்னுகிறாராம்.

ஓட்டல் சாப்பாட்டைக் குறைத்துக்கொள், வாரம் தவறாமல் எண்ணெய் தேய்த்துக் குளி. நோய் நொடியில்லாமல் நூறு வயது இரு. ஒன்றை மறக்காதே, விலாசத்தில் இன்னமும் சென்னை ராஜ்யம் என்றே எழுதுகிறாய், கடிதம் மெட்ராஸைச் சுற்றிக்கொண்டு வருகிறது. ஆந்திரா என்று எழுது, உன் மாமா கண்ணில் படாமல் நான் வாங்கிக்கொள்கிறேன்.

உன் கடிதத்துக்கு வாசலைப் பார்த்திருக்கும் அம்மா,
கிருஷ்ணம்மா