மார்த்தாவின் பென்சில் கையெழுத்து

ரோலா, ஷார்ஜா
8.1.2004

அன்புள்ள அத்தானுக்கு,

ரோஹித்தும் நானும் நலம். போனில் பேசினால் கார்டு தீர்கிறது என்று பறப்பீர்கள், அதனால்தான் கடிதம்.

எங்கள் கம்பெனியில் வீட்டுச் சாமான்களைக் கட்டி அனுப்பச் சொன்ன ஓர் அமெரிக்க அம்மாள், ஊருக்குப் போகுமுன் எனக்கு ஒரு படம் கொடுத்தார். செப்புத் தகட்டில் ஊசியால் கீறி, மை தடவி அச்செடுத்ததாம். ஐம்பது வருடத்துக்கு முந்தைய நியூயார்க். ரயில் நிலையத்தில் சாயங்காலக் கூட்டம். எல்லோரும் ரயில் வரும் பக்கம் எட்டிப் பார்க்க, ஒருத்தி மட்டும் தூணில் சாய்ந்து, ஒரு செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். துபாயில் அல் கூஸில் டூட்டி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும் நானேதான்! ரோஹித், "அம்மா, இட்ஸ் யூ!" என்று குதித்தான்.

வரைந்ததும் ஒரு பெண்தான். கீழே வெள்ளை ஓரத்தில் பென்சிலால் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். 'மார்த்தா' வரை படிக்க முடிகிறது. மீதி கோழிக் கிறுக்கல். ஒருநாள் நிதானமாக உட்கார்ந்து படிக்க வேண்டும். பெருநாள் லீவில் வரும்போது நீங்களும் பாருங்கள்.

உங்கள்
ஜலஜா

தம்மாம்
10.2.2004

அன்புள்ள ஜலஜாவுக்கு,

நல்லபடியாகச் சவுதி வந்து சேர்ந்தேன். வந்ததும் நல்ல செய்தி: ஃபேமிலி விசா கிடைத்துவிட்டது! வேலையை ராஜினாமா செய்துவிட்டு, இரண்டு பாஸ்போர்ட்டையும் கூரியரில் அனுப்பு. வீடு பார்த்தாயிற்று. ரோஹித்துக்கு ஸ்கூலில் சொல்லி வைத்தாயிற்று. இனி நீ பஸ்ஸில் அல்லாட வேண்டாம். ராணி மாதிரி வீட்டில் இருக்கலாம்.

அந்தப் படத்தைச் சும்மா அலமாரியில் சாய்த்து வைத்திருந்தாயே, நான் கிளம்பும் அன்று நம் தெருக் கடையில் ஃபிரேம் வாங்கிப் போட்டுவிட்டேன். கவனித்தாயா? ஃபிரேம் கொஞ்சம் சின்னது. படத்தின் ஓரத்தை நறுக்கினேன். கீழே யாரோ கிறுக்கியிருந்ததும் போய்விட்டது. இப்போது பளிச்சென்று இருக்கிறது.

அன்புடன்
முத்துராமன்

ரோலா
16.2.2004

அத்தான்,

யாரோ கிறுக்கியது இல்லை, அவள் பெயர். என் கடிதத்தைக் கடைசிவரை படித்தீர்களா? உண்மையைச் சொல்லுங்கள். குப்பைக் கூடையைக் கிளறினேன். ஒன்றும் இல்லை. உட்கார்ந்து அழுதேன்.

ஃபிரேம் சின்னதென்றால் ஃபிரேமை மாற்றியிருக்கலாமே? கடை கூப்பிடு தூரத்தில்தானே இருக்கிறது.

லீவில் உங்களிடம் கேட்டேன், "அங்க நான் வேலைக்குப் போக முடியுமா? ஒரு கடைக்காவது தனியாப் போய்ட்டு வர முடியுமா?" என்று. "வந்தப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல சாமானைக் கட்டுற வழியைப் பாரு" என்றீர்கள். இப்போதும் பாஸ்போர்ட்டைத்தான் கேட்கிறீர்கள். வருகிறாயா என்று கேட்கவில்லை.

ஜலஜா

தம்மாம்
24.2.2004

அன்புள்ள ஜலஜாவுக்கு,

ஒரு படத்துக்கா இத்தனை? சரி, தப்புதான். தெரியாமல் செய்துவிட்டேன். இங்கே கலரில் பெரிய படமாக வாங்கித் தருகிறேன்; அருவியோ மயிலோ, உனக்குப் பிடித்தது.

தனியாகச் சாப்பிட்டு நாக்கு செத்துவிட்டது. ரோஹித் போனில் "குட் நைட்ப்பா" என்று சொல்லிவிட்டால் அப்புறம் தூக்கம் வருவதில்லை. உங்களுக்காகத்தானே இவ்வளவும்? விசா இந்த மார்ச்சோடு முடிகிறது. பாஸ்போர்ட்டை அனுப்பிவிட்டாயா?

முத்துராமன்

ரோலா
12.3.2004

அன்புள்ள அத்தானுக்கு,

இந்த உறையில் பாஸ்போர்ட் இல்லை. தடவிப் பார்க்காதீர்கள்.

கோபத்தில் எழுதவில்லை. கோபம் எப்போதோ போய்விட்டது; அது போனபிறகும் புறப்பட மனசு வரவில்லை. நீங்கள் தனியாகச் சாப்பிடுவதை நினைத்தால் எனக்கும் சோறு இறங்கவில்லைதான். ஆனாலும் நான் வரவில்லை. ராஜினாமாவும் கொடுக்கவில்லை. அங்கே போய் என்ன செய்வேன் என்று யோசித்து யோசித்து வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிறேன். காலையில் பஸ் ஏறினால்தான் மூச்சு வருகிறது.

அந்த அமெரிக்க அம்மாளுக்கு எழுதி, மார்த்தாவின் முழுப் பெயரைக் கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. பெயர்தான் படத்திலேயே இருக்கிறதே என்று இருந்துவிட்டாராம். நானும் அப்படித்தானே இருந்தேன்.

படத்தை வெளியே எடுத்து, சுவரில் ஒட்டிவிட்டேன். ஃபிரேம் சும்மா கிடக்கிறது. அடுத்த லீவில் வரும்போது எடுத்துக்கொண்டு போங்கள். உங்கள் ரூமில் ரோஹித்தின் போட்டோ வைக்க அளவு சரியாக இருக்கும்.

ஜலஜா