பூட்டினவன் ஏறணும்

1943 பிப்ரவரி 8, ராஜபாளையம்

தேவஇரக்கத்துக்குக் கிடைத்துவிட்டது. பெங்களூரில் விமானம் பழுது பார்க்கும் பயிற்சி, கற்றுக்கொள்ளும்போதே சம்பளம். மதுரையில் நடந்த தேர்வுக்கு இருவரும் சேர்ந்துதான் போனோம். எனக்கு இல்லை. இந்த பஸ் ஷெட்டில் அவனுக்கு ஸ்பானர் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்.

பிப்ரவரி 9

ஷெட்டில் எல்லாருக்கும் காராச்சேவு வாங்கிக் கொடுத்தான். பல்வலி என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 11

ஒரு நட்டை முடுக்க அவனுக்கு அரை நாள் வேண்டும். முடுக்கியதையே திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பான். "ஏலே, நட்டுக்குத் தாலாட்டா பாடுத?" என்று நான் கேலி செய்யாத நாளில்லை. அதற்குள் நான் ஒரு வண்டியையே முடித்துவிடுவேன். மதுரையில் தேர்வு வைத்த துரை எதைக் கண்டு அவனை எடுத்தார்? வயிறு எரிகிறது. எழுதினாலும் ஆறவில்லை.

பிப்ரவரி 12

அவன் அம்மா அன்னத்தாய் ஷெட்டுக்கு வந்தார்கள். தினமும் எங்கள் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைக்குக் காய் கொண்டு போகிறவர்கள். ஒற்றைப் பிள்ளை, அனுப்பலாமா வேண்டாமா என்று தவிப்பு.

"அய்யா சமுத்திரம், உங்கிட்ட கேட்டுட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன். இவனையும் விமானத்துல மேல ஏத்துவாகளோ?"

மழுப்பியிருக்கலாம். ஆனால் மதுரையில் துரை சொன்னது நினைவுக்கு வந்தது, நாக்கு துறுதுறுத்தது.

"ஆமா பெரியம்மா. பழுது பார்த்த விமானத்தை மொதல்ல ஓட்டிப் பார்க்கும்போது, பூட்டினவனும் ஏறணுமாம். விழுந்தா அவனும்தான்."

பொய்யில்லையே! எதற்காகச் சொன்னேன் என்பது எனக்குத் தெரியும்.

தீர்ந்தது, இனி அவன் போகமாட்டான் என்று நினைத்தேன்.

"அப்பம் போகட்டும்யா. தானும் ஏறணும்னா ஒழுங்காப் பார்ப்பாம்லா."

பஸ்ஸைப் பார்த்து நடந்தவர்கள் திரும்பினார்கள். "நீ பூட்டுத பஸ்லதான் நாங்க தெனமும் போறோம். நீ ஏறி ஒருநாளும் பார்க்கலியேய்யா?"

குத்திக்காட்டவில்லை. சும்மாதான் கேட்டார்கள்.

பிப்ரவரி 13

வேலை ஓடவில்லை.

பிப்ரவரி 20

அவன் ரயிலேறிவிட்டான். வழியனுப்ப நான் போகவில்லை. ரயில் கூவியது ஷெட் வரை கேட்டது. நாசமாப் போ— சரி, போகட்டும். நல்லா இருக்கட்டும் என்று எழுத இன்னும் கை வரவில்லை.

மார்ச் 3

ஸ்ரீவில்லிபுத்தூர் வண்டிக்கு முன்சக்கரத்தைக் கழற்றிப் பிரேக்கைப் பூட்டி முடித்தேன். வழக்கம்போலச் சீக்கிரமாகத்தான். டிரைவர் கருத்தையா கிளம்பும்போது, "நானும் வாரேன்" என்றேன்.

"என்னவே அதிசயம்!" என்று சிரித்தார்.

உள்ளே அன்னத்தாய் கூடையை மடியில் வைத்துக்கொண்டு எனக்கு இடம் விட்டார்கள். படியில் ஒரு காலை வைத்தேன். இன்னொரு கால் எழவில்லை.

இறங்கி, "செத்த நேரம் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு, முன்சக்கரத்தை மறுபடியும் கழற்றினேன்.